மோட்டார்ஹோமின் நகரும் அறைச் சீலுக்கு வெற்றிடப் பம்பு பொருத்தியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவில் பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டு, வீட்டு வசதிகள் கொண்ட பெரிய வண்டியான மோட்டார்ஹோமிலேயே ஆண்டு முழுவதும் வசிக்கும் தம்பதியர் பலர் உள்ளனர். குளிர்காலத்தை அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் போன்ற தாழ்வான பாலைநிலத்தில் கழிப்பதும், வெயில் ஏறத் தொடங்கியதும் ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற மலையூர்களுக்குச் செல்வதும் அவர்களில் ஒரு பகுதியினரின் வழக்கமாகும். குவார்ட்சைட் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. ஃபிளாக்ஸ்டாஃப் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்த உயர வேறுபாடு பின்னர் விவரிக்கப்படும் முடிவுகளில் ஒன்றைத் தீர்மானித்தது என்பதால் அதை முதலிலேயே குறிப்பிடுகிறேன்.

இந்த நிகழ்வுக்குரிய தம்பதியரும் அவ்வாறு ஆண்டுதோறும் ஏறி இறங்குபவர்களே. அவர்களுடைய வண்டி 12 மீட்டர் நீளமும், பின்புற டீசல் என்ஜினும், காற்று பிரேக்கும் கொண்டது. 20 ஆண்டுகளை நெருங்கியது. வேறொருவர் பயன்படுத்திய பின் வாங்கப்பட்டது. அதில் ஸ்லைடு-அவுட் எனப்படும் நகரும் அறைகள் மூன்று இருந்தன. வண்டி ஓடும்போது உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டு, நிறுத்திய இடத்தில் பக்கவாட்டில் வெளியே தள்ளப்படும் இந்த அறைகளுக்கும் வண்டியின் சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளியில் மழையும் தூசியும் நுழையாமல் அடைப்பதுதான் சீலின் வேலை. பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் இதற்குச் சாதாரண ரப்பர் பட்டைகளே போதுமானவையாகக் கருதப்படுகின்றன. விலை உயர்ந்த பேருந்து வகை வண்டிகள் சிலவற்றில் மட்டும், அறைத் திறப்பைச் சுற்றிலும் ஓடும் உள்ளீடற்ற ரப்பர் குழாய் ஒன்று காற்றால் நிரப்பப்பட்டு, அறையின் சுவரை இறுக அழுத்தி நிற்கும். அறை உள்ளே இருக்கும்போதும் வெளியே இருக்கும்போதும் அந்தக் குழாய் நிரம்பியே இருக்கும். அறை நகரும் நேரத்தில் மட்டும் காற்று வெளியேற்றப்படும்.

இந்த வண்டியில் சீலுக்குரிய காற்று, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெகுலேட்டர் வழியாக, வெளிக்காற்றைவிட 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு), அதாவது சுமார் 55 கிலோபாஸ்கல் கூடுதலான அழுத்தத்தில் வந்தது. அறையை நகர்த்தும் சுவிட்சை இயக்கியதும் மின்காந்தச் சுருளால் இயங்கும் ஒரு மும்முனைச் சோலனாய்டு வால்வு திரும்பி, சீலில் இருந்த காற்றை வெளியே விட்டது. காற்றை உறிஞ்சி எடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை.

கண்டவை

தம்பதியர் முதலில் கவனித்தது ஒலியை. ஓட்டுநர் பக்கத்தில் உள்ள பெரிய அறை, அதாவது சமையல் மேடையும் சோபாவும் அமைந்த அறை, உள்ளே வரும்போது அதிர்ந்து முனகியது. அடுத்து, அறையின் வெள்ளைப் பக்கச்சுவரில் கறுப்பு ரப்பர்க் கோடுகள் தென்பட்டன. அதன்பின் ஒரு மழை நாளில் சோபாவுக்குப் பின்னால் ஈரம் தெரிந்தது. கணவர் இம்மூன்றையும் ஒரே கோளாறாகக் கருதி, வெற்றிடப் பம்பு பொருத்தினால் எல்லாம் தீரும் என்று நம்பினார். மனைவி அவற்றைத் தேதியிட்டுக் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்புகளில், முனகல் தொடங்கியதற்கும் ஈரம் தென்பட்டதற்கும் இடையே பல மாத இடைவெளி இருந்தது. ஆய்வுக்கு அது மிகவும் உதவியது.

பணியை ஏற்ற தொழில்நுட்பர் அளவீடுகளை எடுத்தபோது நான் உடனிருந்தேன். காற்றை வெளியேற்றும் வால்வைத் திறந்துவிட்டு, அறையை நகர்த்தாமல், சீலுக்கும் அறைச்சுவருக்கும் இடையே தடித்த அட்டை ஒன்றைச் செருகி நான்கு பக்கமும் நகர்த்திப் பார்த்தார். மேல்பக்கத்தில் அட்டை தடையின்றி நகர்ந்தது. இரு செங்குத்துப் பக்கங்களிலும் பல இடங்களில் சிக்கிக்கொண்டது. மேலும் நெடுநேரம் காத்திருந்தும் நிலைமை மாறவில்லை.

இதற்கான காரணம் எளிமையானது. ஆயினும் பலரும் அதைக் கவனிப்பதில்லை. சீலுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமானதும், மீதமுள்ள காற்றை வெளியே தள்ள எந்த விசையும் இராது. அதன்பின் சீல் தட்டையாவது ரப்பரின் சொந்த மீள்தன்மையால் மட்டுமே. புதிய ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஆண்டுக்கணக்கில் ஊதிய நிலையிலேயே வெயிலில் கிடந்த ரப்பரோ, காற்றிறங்கிய பின்னும் பாதி உப்பலாகவே நிற்கும். எனவே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயன் இல்லை.

உராய்வின் அளவையும் கணக்கிட்டுப் பார்த்தோம். அந்த அறைத் திறப்பின் சுற்றளவு 12 மீட்டர். சீல் சுவரைத் தொடும் அகலத்தை 15 மில்லிமீட்டர் எனக் கொண்டால், தொடு பரப்பு 0.18 சதுர மீட்டர். முழு அழுத்தத்தில் சீல் சுவரை அழுத்தும் மொத்த விசை 9,900 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு டன் எடைக்கு ஈடானது. அதில் பத்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தாலும், 100 கிலோ எடைக்கு ஈடான விசை ரப்பரைச் சுவரோடு அழுத்திக்கொண்டிருக்க, அறை அதை இழுத்துக்கொண்டு நகர்கிறது. சுவரில் படிந்த கறுப்புக் கோடுகள் சீல் தேய்ந்து விட்டுச்சென்ற ரப்பரே.

கசிவைத் தனியே பார்த்தது

வெற்றிடப் பம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் கசிவைச் சரிசெய்ய வேண்டும் என்று தொழில்நுட்பர் வலியுறுத்தினார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் இதுவே மிக முக்கியமானது என்பது என் கருத்து. ஓட்டையுள்ள சீலில் வெற்றிடம் உண்டாக்கினால், பம்பு அந்த ஓட்டை வழியே வெளிக்காற்றையும், மழை நாளில் நீரையும் சீலுக்குள் இழுக்கும். கோளாறு மறைந்ததுபோல் தோன்றும். உள்ளே நீர் சேர்ந்துகொண்டிருக்கும்.

சீலை 55 கிலோபாஸ்கல் வரை நிரப்பி, வரும் வழியை அடைத்து, மானியைக் கவனித்ததில் அழுத்தம் விரைவாக இறங்கியது. சோப்பு நீர் தடவியபோது இரு இடங்களில் குமிழிகள் எழுந்தன. ஒன்று, சீலின் காற்று நுழைவாயிலில் உள்ள இணைப்பான். மற்றொன்று, கீழ் மூலையில் ரப்பர் மடங்கி உராய்ந்து விழுந்த சிறு வெடிப்பு. இணைப்பான் மாற்றப்பட்டது, வெடிப்பு, ரப்பர் ஒட்டுத்துண்டு வைத்து ஒட்டப்பட்டது. முழுச் சீலையும் மாற்றுவது பற்றியும் பேசப்பட்டது. அதற்கு அறையையே வண்டியிலிருந்து கழற்ற வேண்டியிருந்ததாலும், ரப்பரின் மேற்பரப்பு மற்ற இடங்களில் வெடிப்பின்றி இருந்ததாலும், அந்த யோசனை ஒத்திவைக்கப்பட்டது. ஒட்டிய பின் மீண்டும் நிரப்பி ஓர் இரவு விட்டதில், அழுத்த மாற்றம் வெப்பநிலை மாற்றத்தால் விளங்கக்கூடிய அளவிலேயே இருந்தது.

ஈரத்துக்குக் காரணம் கசிவு. முனகலுக்கும் கோடுகளுக்கும் காரணம் எஞ்சிய உப்பல். அந்த உப்பலால் நேர்ந்த உராய்வே காலப்போக்கில் வெடிப்பை உண்டாக்கியது. மனைவியின் குறிப்புகளில் இருந்த கால வரிசையும் இதற்குப் பொருந்தியது.

பம்பைத் தேர்ந்தெடுத்தது

மூன்று வழிகள் ஆராயப்பட்டன. அழுத்தக் காற்றைக் குறுகிய துளை வழியே பாய்ச்சி உறிஞ்சலை உண்டாக்கும் வென்சுரி வகைச் சாதனத்தில் அசையும் பாகம் கிடையாது. ஆனால் அது இயங்கும் நேரமெல்லாம் காற்றை விழுங்கும். என்ஜின் நின்றிருக்கும் முகாமில், சிறிய 12 வோல்ட் துணைக் கம்ப்ரசரை மட்டும் நம்பி அதை இயக்குவது கடினம். காற்று பிரேக்குக்கான தொட்டியிலிருந்து நேரடியாகக் கிளை எடுக்கலாமே என்று கணவர் கேட்டதற்குத் தொழில்நுட்பர் உறுதியாக மறுத்தார். பிரேக் காற்றைப் பிற பயன்களுக்கு எடுப்பதானால், அழுத்தம் குறையும்போது தானே மூடிக்கொள்ளும் காப்பு வால்வுக்கு அப்பாலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். சீலில் ஏற்படும் ஓட்டை பிரேக்கைப் பாதிக்கக்கூடிய எந்த இணைப்பும் ஏற்கத்தக்கதல்ல.

இருக்கும் துணைக் கம்ப்ரசரின் உறிஞ்சுமுனையையே வெற்றிடத்துக்குப் பயன்படுத்துவது இரண்டாவது வழி. செலவு குறைவு, ஆனால் அந்த ஒரு இயந்திரம் பழுதானால் சீலை நிரப்பவும் முடியாது, தட்டையாக்கவும் முடியாது. ஆகவே மூன்றாவது வழியாக, டயாஃப்ரம் எனப்படும் அசையும் சவ்வால் காற்றை இழுக்கும் தனி 12 வோல்ட் பம்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. சீலின் குறுக்குவெட்டைச் சுமார் 4 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், 12 மீட்டர் நீளத்துக்கு அதன் கொள்ளளவு 5 லிட்டரை எட்டாது. நிமிடத்துக்கு 12 லிட்டர் இழுக்கும் சிறிய பம்பே இதற்குப் போதும். பெரிய பம்பு வாங்கியிருந்தால் கூடுதல் இரைச்சலையும் மின்னோட்டத்தையும் தவிர வேறு பயன் இருந்திராது.

வால்வுகளின் ஒழுங்கு

பழைய வால்வின் வெளியேற்றுமுனையில் பம்பை நேரடியாக மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அவ்வாறு செய்தால், வால்வு திரும்பும் கணத்தில் 55 கிலோபாஸ்கல் அழுத்தமுள்ள காற்று பம்பின் உறிஞ்சுமுனையில் மோதும். வெற்றிடத்துக்காக வடிவமைக்கப்பட்ட டயாஃப்ரமுக்கு அது ஏற்றதல்ல. எனவே இரண்டாவது மும்முனை வால்வு ஒன்று சேர்க்கப்பட்டது. சுவிட்சை இயக்கியதும் முதல் வால்வு திரும்பி, சீலின் காற்று இரண்டாவது வால்வு வழியே வெளியேறும். நேரத் தாமத ரிலே 15 வினாடி காத்திருந்து, அதன்பின் இரண்டாவது வால்வைப் பம்பின் பக்கம் திருப்பிப் பம்பை ஓடவிடும். மின்சாரம் தடைப்பட்டால் இரு வால்வுகளும் பழைய நிலைக்குத் திரும்பி, சீல் நிரம்பிவிடும். பயணத்தின்போதோ மழையிலோ மின்சாரம் போனால் அடைப்பு கெடாது.

வால்வின் வகையைத் தேர்வதிலும் கவனம் தேவைப்பட்டது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பைலட் வகைச் சோலனாய்டு வால்வுகள், திறப்பதற்கே குறைந்தபட்ச அழுத்த வேறுபாட்டைக் கோருபவை. அந்த வேறுபாடு இல்லாத வெற்றிடக் குழாயில் அவை திறக்காமலே இருந்துவிடக்கூடும். சுருளின் விசையாலேயே திறக்கும் நேரடி வகை வால்வுகளே இங்குப் பொருத்தமானவை. அவற்றிலும் எந்த முனையில் அழுத்தம், எந்த முனையில் வெற்றிடம் என்பதைத் தயாரிப்புக் குறிப்பில் பார்த்தே இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் வெற்றிடமே வால்வை அதன் இருக்கையிலிருந்து தூக்கிவிடும்.

பம்பு ஓடுகிறது என்பதால் சீல் தட்டையாகிவிட்டது என்று பொருளல்ல. இதை வலியுறுத்தவே இந்த ஆய்வை எழுதுகிறேன். குழாய் எங்காவது நசுங்கியிருந்தால், பம்பு அந்தச் சிறு குழாயில் மட்டும் சில வினாடிகளில் நல்ல வெற்றிடத்தை உண்டாக்கிவிடும். போதிய வெற்றிடம் உண்டானதும் மின்சுற்றை இணைக்கும் வெற்றிடச் சுவிட்சைப் பம்பின் அருகே பொருத்தினால், அது அதை நம்பி அறையை நகர அனுமதிக்கும். சீலோ முழுதும் ஊதிய நிலையில் இருக்கும். ஆகவே வெற்றிடச் சுவிட்சுக்கு, சீலின் நுழைவாயிலிலிருந்தே தனி உணர்குழாய் ஒன்று இழுக்கப்பட்டது. அந்தச் சுவிட்சு மின்சுற்றை இணைத்தால்தான் பச்சை விளக்கு எரிந்து, அறையின் மோட்டாருக்கு மின்சாரம் செல்லும். அறை நகரும் நடுவில் வெற்றிடம் குறைந்தாலும் மோட்டார் நின்றுவிடும்.

இந்தத் தடையை மீறி அறையை நகர்த்த ஒரு மாற்றுச் சுவிட்சு வேண்டும் என்று மனைவி கேட்டார். தொழில்நுட்பர் முதலில் இணங்கவில்லை. மீறும் வழி இருந்தால் அதுவே நாளடைவில் வழக்கமாகிவிடும் என்பது அவர் அச்சம். அறை வெளியே நீட்டிய நிலையில் சிக்கிக்கொண்டால் வண்டியை நகர்த்தவே முடியாது, காட்டுத்தீ எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று அந்த அம்மையார் கேட்டபோது அவர் ஒப்புக்கொண்டார். கையை எடுத்ததும் தானே பழைய நிலைக்குத் திரும்பும் சுவிட்சு, மூடியிட்டுப் பொருத்தப்பட்டது. அட்டையைச் செருகிப் பார்த்த பின்னரே இயக்க வேண்டும் என்ற குறிப்பு அதன்மேல் ஒட்டப்பட்டது.

எவ்வளவு வெற்றிடம் போதும்

வெற்றிடச் சுவிட்சை 50 கிலோபாஸ்கலில், அதாவது சுற்றுக்காற்றைவிட அந்த அளவு குறைந்த அழுத்தத்தில், வைக்கலாம் என்று தொழில்நுட்பர் தொடக்கத்தில் எண்ணினார். கணக்கிட்டுப் பார்த்தபோது அது மலையில் சிக்கலைத் தரும் என்று தெரிந்தது. கடல் மட்டத்தில் 60 கிலோபாஸ்கல் வெற்றிடம் தரும் பம்பு, சுற்றுக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை நீக்கக்கூடியது என்று பொருள். குவார்ட்சைட்டில் சுற்றழுத்தம் சுமார் 98 கிலோபாஸ்கல். அங்கு அந்தப் பம்பு 58 வரை எட்டும். ஃபிளாக்ஸ்டாஃபில் சுற்றழுத்தம் சுமார் 79 மட்டுமே. அங்கு 47-ஐத் தாண்டாது. ஆகவே பாலைவனத்தில் குறையின்றி இயங்கும் ஏற்பாடு, மலைக்குச் சென்றதும் அறையை நகரவிடாமல் தடுத்திருக்கும்.

உண்மையில் தேவைப்படுவது மிகக் குறைவு. பம்பை மெல்ல இயக்கி அட்டையைச் செருகிப் பார்த்ததில், 10 கிலோபாஸ்கலிலேயே அது நான்கு பக்கமும் தடையின்றி நகர்ந்தது. காற்றிறங்கிய சைக்கிள் டியூப்பைப் போலச் சீல் தன் சட்டத்தோடு ஒட்டிப் படுத்துவிட்டது. சுவிட்சு 15 கிலோபாஸ்கலில் அமைக்கப்பட்டது. அதிக வெற்றிடம் பழைய ரப்பரின் மடிப்புகளில் வெடிப்பை விரைவுபடுத்தும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

உயரத்தின் விளைவு நிரம்பிய சீலிலும் உண்டு. இந்த வண்டியில் ரெகுலேட்டருக்கும் சீலுக்கும் இடையே ஒருவழி வால்வு இருந்ததால், குவார்ட்சைட்டில் 55 கிலோபாஸ்கலில் அடைபட்ட காற்று ஃபிளாக்ஸ்டாஃபை அடையும்போது மானியில் 74 கிலோபாஸ்கல் காட்டும். அதாவது 8 பிஎஸ்ஐ, 11 பிஎஸ்ஐயை நெருங்கிவிடும். வெயில் படும் பக்கத்தில் இது மேலும் கூடும். எனவே சீலின் பக்கத்தில் ஒரு சிறிய அழுத்த விடுவிப்பு வால்வும் சேர்க்கப்பட்டது.

பொருத்திய வேலை

குழாய்களுக்கு மென்மையான வினைல் தவிர்க்கப்பட்டு, வெற்றிடத்தில் உள்வாங்காத நைலான் குழாய் பயன்படுத்தப்பட்டது. கம்ப்ரசர் அனுப்பும் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். அது குளிர்ந்து சீலின் கீழ்ப்பகுதியில் நீராகத் தேங்கும். பம்பு இழுக்கும்போது முதலில் வருவது அந்த நீரே. ஆதலால் பம்புக்கு முன்னால், அந்த நீரைப் பிடித்து வைக்கும் நீர்ப்பொறியும் வடிகட்டியும் வைக்கப்பட்டன. பம்பு ரப்பர்க் கால்களின்மேல் கீழ்ப்பெட்டியில் அமர்த்தப்பட்டு, தனி ஃபியூஸ், தனி ரிலே வழியே மின்சாரம் பெற்றது. மற்ற இரு அறைகளின் சீல்களும் தத்தம் வால்வுகளோடு இதே பம்பில் இணைக்கப்பட்டன. அறைகள் ஒவ்வொன்றாகவே நகர்த்தப்படுவதால் ஒரே பம்பு போதுமானது.

பின்னர் நடந்தவை

முனகல் உடனே நின்றது. அறை உள்ளே வர எடுக்கும் நேரம் குறைந்தது. மோட்டாரின் மின்னோட்டமும் தெளிவாகக் குறைந்தது. கறுப்புக் கோடுகளைத் துடைத்துவிட்டுப் பல மாதங்கள் கவனித்ததில் புதியவை தோன்றவில்லை. தொடர்ந்து வந்த கோடைக்கால மழையிலும் சோபாவுக்குப் பின்னால் உலர்வாகவே இருந்தது.

பம்பு ஓடத் தொடங்கியதிலிருந்து பச்சை விளக்கு எரியும் வரை ஆகும் நேரத்தை மனைவி ஒவ்வொரு முறையும் குறித்துவந்தார். பெரிய அறைக்கு அது வழக்கமாக அரை நிமிடத்தை ஒட்டியே இருந்தது. நேரம் நீண்டால் எங்கோ கசிகிறது என்றும், மிகக் குறைந்தால் குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது என்றும் பொருள். விலையுயர்ந்த கருவி எதுவும் தராத தகவலை அந்தக் குறிப்பேடு தந்தது.

அக்டோபரில் ஃபிளாக்ஸ்டாஃபில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சென்ற ஒரு காலையில் பச்சை விளக்கு எரியவில்லை. பம்பின் அருகே இருந்த மானி வெற்றிடத்தைக் காட்டியது. கணவர் டார்ச்சு வெளிச்சத்தில் அட்டையைச் செருகி நான்கு பக்கமும் பார்த்தார். சீல் தட்டையாகவே இருந்தது. அதன்பின் மாற்றுச் சுவிட்சைப் பயன்படுத்தி அறையை உள்ளே கொண்டுவந்தனர். பிறகு பிரித்துப் பார்த்தபோது, உணர்குழாயின் தாழ்வான வளைவில் தேங்கிய நீர் உறைந்திருந்தது தெரிந்தது. ஐயம் எழுந்தால் அறையை நிறுத்தி வைப்பது என்ற அமைப்பின் நோக்கம் அங்கு நிறைவேறியது. அந்த மாற்றுச் சுவிட்சும் தன் தேவையை நிறுவியது.

மாற்ற வேண்டியவை

உணர்குழாய் சீலிலிருந்து சுவிட்சை நோக்கித் தொடர்ந்து மேலேறும்படி அமைக்கப்பட வேண்டும். வழியில் எந்தத் தாழ்வும் கூடாது. இந்த வண்டியில் சுவிட்சைக் கீழ்ப்பெட்டியிலிருந்து எடுத்து, அறைத் திறப்பின் மேல்மட்டத்தில் உள்ள அலமாரிக்குள் மாற்றியபின் உறைதல் மீண்டும் நேரவில்லை. பம்பின் பக்கத்தில் நீர்ப்பொறி வைப்பதைவிட, சீலை நிரப்பும் காற்றையே ஈரம் நீக்கி அனுப்புவது மேல் என்பதால், கம்ப்ரசரின் வெளிமுனையில் ஈரம் உறிஞ்சும் குப்பி ஒன்று பின்னர் சேர்க்கப்பட்டது. அதை வேலையின் தொடக்கத்திலேயே பட்டியலில் சேர்த்திருக்கலாம்.

சீல் மாற்றப்படும் நாளில், நுழைவாயிலுக்கு எதிர்மூலையில் இரண்டாவது முனை ஒன்றைச் சேர்த்து உணர்குழாயை அங்கிருந்து எடுக்கத் தொழில்நுட்பர் திட்டமிட்டுள்ளார். இப்போதுள்ள ஏற்பாடு பம்புக்குச் செல்லும் குழாயின் அடைப்பைக் கண்டுபிடிக்கும். சீலுக்கு உள்ளேயே ரப்பர் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் காற்றைப் பிடித்து வைத்தால் அதைக் கண்டுபிடிக்காது. அதுவரை, அறையை நெடுநாள் ஒரே நிலையில் வைத்திருந்து முதன்முறை நகர்த்தும்போதெல்லாம், பச்சை விளக்கு எரிந்த பின்னும் தம்பதியர் அட்டையைச் செருகி நான்கு பக்கமும் பார்த்தே இயக்குகிறார்கள்.